பல்கலைக்கழகமா, பள்ளிக்கூடமா: கீழத்தெரு வழியனுப்பு விழாவில் பூவம்மாள் பேசியது

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவரும், நம் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தாளாளருமான மதிப்பிற்குரிய திருவாளர் தியாகேசன் அவர்களே, வாய்க்கால் பாலம் தாண்டி மேலத்தெருவிலிருந்து வந்து வாழ்த்திய பெரியோர்களே, மழையிலும் வெயிலிலும் மடை பார்த்து வயல் பார்த்து எங்களையும் பார்த்து வளர்த்த கீழத்தெருவின் மூத்தவர்களே, பகலெல்லாம் களத்தில் நெல் தூற்றிவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே, தாளடி அறுத்த தாள் காலில் குத்துகிறதென்று உட்காராமல் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் பூவம்மாளின் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் என்னைப் பேராசிரியர் என்றார்கள். நுழைவாயில் வளைவிலே விளக்குப் போட்டு, ‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்’ என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது நான் பேசுவதற்கு நோட்டீஸில் ஏற்புரை என்று பெயர். எதை ஏற்பது? அன்பை ஏற்கலாம், மாலையை ஏற்கலாம், மரியாதையை ஏற்கலாம். ஆனால் அந்தப் பல்கலைக்கழக வேலையை நான் இன்னும் ஏற்கவே இல்லையே.

சலசலப்பு கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

எனக்கு ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை வந்திருக்கிறது. நைஜீரியாவில் ஒரு பல்கலைக்கழகம் ஆங்கில விரிவுரையாளராக வா என்கிறது. எத்தியோப்பியாவில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம் ஆங்கில ஆசிரியையாக வா என்கிறது. நாளைக் காலை பஸ்ஸில் நாகப்பட்டினம், அங்கிருந்து ரயிலில் சென்னை. சென்னையில் இரண்டில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது. இப்போதும் பாருங்கள், மைக் ஒரு பக்கம் இருக்கிறது, நான் ஒரு பக்கம் போய்விடுகிறேன்.

கையெழுத்துக்கு முன்பே கல்யாண மாலையா என்று கேட்பீர்கள். அது என் அண்ணன் வீரையன் செய்த வேலை. போன மாதம் தலைவர் அவர்களின் மகன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். மேலத்தெருவில் நாதஸ்வரம் முழங்கியது. அன்று சாயங்காலமே அண்ணன் தெருவைக் கூட்டினார். “அவங்க புள்ள யுனிவர்சிட்டிக்குப் படிக்கத்தான் போவுது. நம்ம பொண்ணு யுனிவர்சிட்டியில பாடம் சொல்லிக்குடுக்கப் போவுது. விழா எடுக்கறோம். அவரையே கூப்ட்டு தலைமை தாங்கச் சொல்றோம்” என்றார். என்னிடம் கேட்டாரா? கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் கக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு யார் வாசலில் நின்றோமோ, அவருக்கு நாற்காலி போட்டு, “உக்காருங்க” என்று சொல்லும் ஒருநாளுக்காக இந்தத் தெரு எத்தனை காலம் காத்திருந்தது என்று எனக்கும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மேடை ஏறிய பிறகு வாயை மூடுவது எப்படி?

நாகப்பட்டினத்தில் அப்துல் வஹாப் சார் இருக்கிறார். எத்தியோப்பியாவில் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர், பிறகு நைஜீரியாவில் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர். இரண்டு கரையும் தெரிந்தவரிடம்தானே ஆற்றின் ஆழம் கேட்க வேண்டும்? போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “யுனிவர்சிட்டின்னா வாரத்துக்கு எட்டு மணி நேரம் பாடம், தங்கச்சி. மிச்ச நேரமெல்லாம் உன்னுது. வீடு குடுப்பாங்க, தோட்டம் இருக்கும், லைப்ரரி இருக்கும். ஸ்கூல்னா மணி அடிச்சாலும் நீதான் போவணும், அடிக்கலைன்னாலும் நீதான் போவணும். ஞாயித்துக்கெழம ஹாஸ்டல்ல சாப்பாடு பரிமாறுறத கூட நீதான் நின்னு பாக்கணும்.”

பல்கலைக்கழகத்தில் ஆசை இல்லையா எனக்கு? இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். நூலகத்தின் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நான் விரும்பிய இலக்கியம், விரும்பிய நேரம், விரும்பிய அமைதி. இந்த ஊரில் சத்தமில்லாத இடத்தில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை நான். அந்த நாற்காலியை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

“அப்பறம் என்னம்மா யோசன?” என்று நானே கேட்டுக்கொண்டேன். அந்த யோசனையையும் வஹாப் சார்தான் கிளப்பினார். பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் ஓர் ஆண்டுதான். ஆண்டு முடிந்தால் துறைத் தலைவர் மனசு வைக்க வேண்டும். அந்த நாட்டுப் பிள்ளைகளே படித்துப் பட்டம் வாங்கி வந்துவிட்டால் நமக்குப் பெட்டி கட்டச் சொல்வார்கள். அது நியாயமும்கூட. பள்ளிக்கூடத்தில் மூன்று ஆண்டு, அரசாங்கக் கையெழுத்து, போக வரச் செலவு அவர்களுடையது. இடையில் யாரும் போ என்று சொல்ல முடியாது.

ஓர் ஆண்டு. ஆண்டு முடிந்தால் அவர் மனசு. இந்தக் கணக்கை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

சிரிக்கிறீர்கள். வாய்மொழிக் குத்தகை என்று அங்கிருந்து ஓர் அண்ணன் சொல்கிறார். சரியாகச் சொன்னீர்கள். அறுவடை முடிந்ததும், “அடுத்த வருஷம் நெலம் உனக்குத்தானான்னு பாப்பம்” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவர்கள் நாம். உழுதவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்று என்று ஊரைத் திரட்டியவர்கள் நாம். பெயர் பெரிதாக இருக்கும், பிடிமானம் இருக்காது என்றால் அது எப்படிப்பட்ட வாழ்வு என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் அதற்காகவும் முடிவு செய்யவில்லை. பாதுகாப்புத்தான் பெரிதென்றால் இந்த ஊரில் ஒரு போராட்டமும் நடந்திருக்காது.

அண்ணே, அந்தக் கதையைச் சொல்லட்டுமா? தலையைக் குனிந்துகொள்கிறார். குனியாதே அண்ணே. குனிய வேண்டியவர்கள் வேறு.

என் அண்ணன் வீரையன் பள்ளி இறுதித் தேர்வில் நம் ஊர்ப் பள்ளியிலேயே முதல் மாணவன். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் வருகை எடுத்தார்கள். இவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நம் பள்ளியில் பழகியபடி எழுந்து நின்று, கைகட்டி, “உள்ளேன் ஐயா” என்றான். வகுப்பே சிரித்தது. மற்றவர்களெல்லாம் ‘பிரசன்ட் சார்’ என்றார்களாம். மறுநாள் அதைச் சொல்லலாம் என்று எழுந்தான். நாக்கு எழவில்லை. எழுந்தாலே சிரிப்பார்கள் என்று அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவும் இல்லை. பெஞ்சில்தான் இருந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள். பேசாமல் இருந்தான். வரவில்லை என்று குறித்தார்கள். நாள்தோறும் வந்தான், நாள்தோறும் வரவில்லை. கடைசியில் வருகை போதாது என்று தேர்வு எழுத விடவில்லை. பெட்டியோடு ஊருக்கு வந்து ஏர் பிடித்தான்.

வயலில் நின்றும் பதிவேட்டில் இல்லாதவர் நம் தந்தையர். வகுப்பில் இருந்தும் பதிவேட்டில் இல்லாதவன் நம் பிள்ளை. முன்னதற்குப் போராடினோம். பின்னதற்கு யார் போராடினோம்?

அவன் விழுந்த இடம் கல்லூரி. வழுக்கிவிட்ட இடம் எது? ஆறாம் வகுப்பு முதல் ஆங்கில நேரத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுது, எழுது என்றார்களே தவிர, வாயைத் திறந்து பேசு என்று ஒருவரும் சொல்லாத பள்ளிக்கூடம். பல்கலைக்கழகத்துக்கு வந்து சேருகிறவன் தப்பித்தவன். தப்பித்தவனுக்குக் கை கொடுப்பதும் நல்ல வேலைதான், நான் பழிக்கவில்லை. ஆனால் பிள்ளை தொலைந்துபோவது பள்ளிக்கூடத்தில். தொலைகிற இடத்தில் நிற்கத்தான் எனக்கு ஆசை. நூலக நாற்காலியைவிட அது கொஞ்சம் பெரிய ஆசையாக இருக்கிறது. ஆகவே, அன்பார்ந்தவர்களே, நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. பரவாயில்லை.

என் அண்ணன் மேடை ஓரத்திலிருந்து மெதுவாகச் சொல்கிறார். மைக் வாங்காது, நான் சொல்கிறேன். “மேலத்தெரு சிரிக்கும், பூவு” என்கிறார். சிரிக்கட்டும் அண்ணே. ஒரு சிரிப்புக்குப் பயந்து நீ படிப்பை விட்டாய். இன்னொரு சிரிப்புக்குப் பயந்து நான் வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? நீ விட்ட படிப்பால்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எம்.ஏ. வரை படித்தேன்.

என்ன, கண்ணாத்தாள் அக்கா எழுந்து நிற்கிறார். கேளுங்கள் அக்கா, உரக்கக் கேளுங்கள்.

“நீ சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அங்க உள்ள புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க ஏரோப்ளேன் ஏறிப் போற. என் மவ எட்டாவது படிக்கிறா. இங்க உள்ள புள்ளைக்கு யாரு சொல்லிக்குடுக்கறது?”

உட்காராதீர்கள் அக்கா, நில்லுங்கள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு வாரமாக நான் நடந்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகமா பள்ளிக்கூடமா என்று நான் இரண்டைத்தான் ஒப்பிட்டேன். மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடம் இந்த மேடைக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டாக ஆங்கில ஆசிரியர் இல்லை. தமிழய்யா வந்து ஆங்கில நேரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மேல் குற்றமில்லை, அவரால் முடிந்தது அவ்வளவு. நான் எம்.ஏ., பி.டி. முடித்து அந்த வேலைக்குத் தாளாளர் அவர்களிடம் மனுக் கொடுத்தேன். ஒருமுறை கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். மறுமுறை கேட்டேன், பொருத்தமானவர் அமையட்டும் என்றார்கள்.

ஆப்பிரிக்கா அழைக்கிறது, அடுத்த தெரு அழைக்கவில்லை. கடல் தாண்டத் தகுதி உண்டு, வாய்க்கால் தாண்டத் தகுதி இல்லை. இது என்ன நியாயம் என்று நான் யாரைக் கேட்பேன்?

தலைவர் அவர்கள் ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ‘நேரமாகிறது, சுருக்கவும்’ என்று இருக்கிறது. உண்மைதான் ஐயா, நேரம் ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு ஆகிவிட்டது.

தலைவர் அவர்களைப் பகைத்துப் பேசவில்லை. அவர் அழைத்ததும் வந்தார், நம்மோடு சரிசமமாக அமர்ந்தார், பொன்னாடை போர்த்தும்போது “நல்லா இரும்மா” என்றார். மனசார வாழ்த்தினார், நான் மறுக்கவில்லை. இப்போது தலைவர் அவர்கள் என்ன சொல்கிறார்கள்? “வேல கேக்கறதுக்கு இதாம்மா எடம்?” என்கிறார்கள். எனக்காகக் கேட்கவில்லை ஐயா. எனக்காகக் கேட்ட காலம் முடிந்துவிட்டது, நாளை நான் பஸ் ஏறுகிறேன். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வரட்டும். எந்தத் தெருவிலிருந்தும் வரட்டும். வந்து, பிள்ளைகளைப் பேச வைக்கட்டும்.

“பாக்கலாம்” என்கிறார்கள்.

கேட்டீர்களா தாய்மார்களே? கேட்டீர்களா உழைக்கும் தோழர்களே? கூலி கேட்டபோதும் பார்க்கலாம் என்றார்கள். நாம் போய்ப் படுத்துக்கொண்டோமா? கதிர் முற்றிக் காத்திருக்க, அரிவாளைக் கீழே வைத்தோம். பட்டினி கிடந்தோம், பணியவில்லை. சிறை சென்றோம், சிதறவில்லை. கூலியில் ஒரு மரக்கால் நெல்லுக்காக மாதக்கணக்கில் நின்ற தெரு இது. குடியிருந்த மனையைக் கேட்டு நின்ற தெரு இது. ஓர் ஆசிரியர் வேண்டும் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், இந்தத் தெரு நின்றதுண்டா? நம் வயிற்றுக்காக நின்றோம், பிள்ளையின் வாய்க்காக நிற்க மாட்டோமா?

கண்ணாத்தாள் அக்கா இன்னும் உட்காரவில்லை. என்ன அக்கா? “நாளைக்கே நிக்கிறோம். யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு பாத்துடுவோம்” என்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எழுகிறார். அதோ அந்த வரிசையே எழுகிறது. அண்ணே, நீ ஏன் மேடையிலிருந்து இறங்குகிறாய்? சரி, போ. அவர்களோடு போய் நில்.

எனக்கு இனிப் பேச ஒன்றுமில்லை. தலைமை தாங்கிய பெரியவருக்கு என் நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும் விளக்குக் கட்டியவர்களுக்கும் மாலை தொடுத்த கைகளுக்கும் என் நன்றி. போகவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவளிடம் எழுந்து நின்று கேள்வி கேட்ட தாய்க்கு, எல்லோரையும்விடப் பெரிய நன்றி.

நாளைக் காலையில் என்னை வழியனுப்ப ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வராதீர்கள். என் பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன். பஸ் புறப்படும் நேரத்துக்குத்தான் நம் பள்ளிக்கூடத்திலும் முதல் மணி அடிக்கிறது. நீங்கள் எல்லோரும் அங்கே போய் நில்லுங்கள். வணக்கம்.