சௌந்தர்யா கண்ட கெரகம்

— அந்த மெயில அழிச்சுப் போட்டீங்களா? மாமா, நெசமாலுமா?

— பின்ன? காலையில தீவன மூட்டை எறக்கீட்டு இருக்கறப்ப வந்துச்சு புள்ள. முழுக்க இங்கிலீசு. “அன்புள்ள தீனதயாளன், வாழ்த்துகள்”னு ஆரம்பிச்சான். வாழ்த்துன்னு ஆரம்பிக்கறவன் எல்லாம் கடைசியில ஓடிபிதான் கேப்பான். போன வருசம் நம்ம சின்னுசாமி அப்படித்தான் ஏமாந்தான்.

— முழுசாப் படிச்சுக்கூடப் பாக்கலீங்களா?

— பாத்தனே. பிளானட்டு, பிளானட்டுன்னு நாலு எடத்துல போட்டிருந்துச்சு. ஏதோ மனை போட்டு விக்கற கம்பெனின்னு நெனச்சேன். பதில் போட்டுட்டுத்தான் அழிச்சேன்.

— பதில் வேறயா? அய்யோ சாமி! என்னன்னு போட்டீங்க?

— “நோ நீட் பிளாட். டோன்ட் டிஸ்டர்ப்”னு. நல்லாத்தான போட்டிருக்கறேன்?

— மாமா, அது எனக்கு வந்த மெயிலுங்க.

— உனக்கு வந்ததுல என்ற பேரு எப்படி இருக்கும்?

— நாலு வருசத்துக்கு முன்னால அதுல சேரறப்ப எனக்குன்னு மெயில் ஐடி இல்லீங்க. கரண்டு பில்லு, கேஸு, பண்ணை லைசென்சு, அல்லாமே உங்க பேருலதான் இருக்குது. இதுக்கும் உங்க ஐடியவே குடுத்துட்டேன். கம்ப்யூட்டரத் தொறங்க மொதல்ல. அழிச்சது அதுக்குள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும், தேடி எடுத்துறலாம்.

— இரு, இரு. எதுல சேந்த? எனக்குத் தெரியாமலா?

— தெரியாம என்ன? மத்தியானம் முட்டை வண்டி போனதுக்கப்பறம், செல்லுல கோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்னு நீங்கதான தெனமும் வைவீங்க.

— அந்தக் கோடா? நான் சேர் மார்க்கெட்டுன்னு நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்!

— நட்சத்திரமுங்க. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்க ஒவ்வொரு நட்சத்திரத்தோட வெளிச்சத்தையும் அளந்து கோடாப் போட்டு வெப்பாங்க. ஆரு வேணாலும் பாக்கலாம். நட்சத்திரத்துக்குக் குறுக்க ஒரு கோள் போச்சுன்னா வெளிச்சம் துளி மங்கும், கோட்டுல சின்னதாப் பள்ளம் விழுகும். அப்படி ஒண்ணக் கண்டு எழுதிப் போட்டேன்.

— கோளுன்னா… கெரகமா?

— கெரகந்தாங்க.

— கெரகமே! நெசக் கெரகத்தையா? “என்ன கெரகத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கற”ன்னு நான் வைஞ்சதெல்லாம் சரியாத்தான் இருந்திருக்குது!

— சிரிப்பா வருதா உங்களுக்கு? நான் இங்க அந்த மெயிலத் தேடீட்டு இருக்கறேன்.

— செரி, சிரிக்கல. வெளிச்சம் எத்தன மங்குச்சு?

— நூத்துக்கு ஒண்ணு. மூணு நாளைக்கு ஒருக்கா.

— நூத்துக்கு ஒண்ணா! அதை எப்படிப் புள்ள கண்ட?

— மூணாம் நம்பர் கோழிச் செட்டுல முட்டை நூத்துக்குத் தொண்ணூத்திரண்டுல இருந்து தொண்ணூத்தொண்ணுக்கு எறங்குனப்ப ஆரு கண்டாங்க?

— நீதான். நான் வெயிலுன்னு சொன்னேன். வெயிலில்ல, தண்ணிக் கொழாயில அடைப்புன்னு நீ சொன்ன. கழட்டிப் பாத்தா அடைப்பு.

— அதே கண்ணுதாங்க. பதினேழு வருசமா முட்டைச் சார்ட்டப் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. அவங்க மிசினு அந்தப் பள்ளத்த ஒண்ணுமில்லைன்னு தள்ளிப் போட்டுருச்சு. எனக்கு மனசு ஒப்பல.

— மிசினு உட்டதப் புடிச்சுட்டியா! அங்க ஆளுகீளு இருக்குதா?

— ஆளா? ஆயிரத்தைநூறு டிகிரி வெயிலுங்க. அந்த நட்சத்திரம் நம்ம சூரியனாட்டத்தான். ஆனா இது அதை ஒட்டிக்கிட்டுச் சுத்துது. மூணு நாளுல ஒரு சுத்து. அதுக்கு வருசமே மூணு நாளுதான்.

— நாப்பத்தொண்ணு டிகிரிக்கே மேக்கால செட்டுல நானூறு கோழி சரிஞ்சுது. ஆயிரத்தைநூறா! மூணு நாளைக்கு ஒரு தீவாளி வேற. எவ்வளவு தூரம் புள்ள?

— அங்க கெளம்புன வெளிச்சம் இங்க வந்து சேர எண்ணூறு வருசம்.

— அட சாமி! எண்ணூறு வருசமா வந்து, நாமக்கல்லுல கோழிப்பண்ணையில உன்ற கண்ணுல மாட்டியிருக்குது. எனக்கு நெம்பப் பெருமையா இருக்குது புள்ள.

— மெயிலு கெடச்சிருச்சுங்க! இதா பாருங்க. பெரிய தொலைநோக்கியில ஒண்ணரை வருசம் பாத்தாங்களாம். கோள்தானாம், உறுதியாயிருச்சாம்! கட்டுரை நாளைக்கு அச்சுக்குப் போகுதாம். கண்டவங்க பேர எப்படிப் போடறதுன்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். சொல்லலைன்னா பதிஞ்ச பேரே வருமாம்.

— என்ற பேரா? தப்பு புள்ள, பெரிய தப்பு. நகரு, நான் அடிக்கறேன். மொதல்ல அந்தப் பிளாட்டுக்கு ஒரு சாரி. அப்பறம் பேரு… டி. சௌந்தர்யா. செரியா?

— அந்த டி வேண்டாமுங்க.

— ஏன்? அது என்ற பேரோட மொத எழுத்து. செரி, உங்கப்பா பொன்னுசாமி பேருக்குப் பி போட்டறலாமா?

— அவரும் வேண்டாம். பன்னெண்டாவதுல பிசிக்ஸ்ல எரநூத்துக்கு நூத்தித்தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு, சேலத்துக் காலேசுல சேத்துங்கப்பான்னு கால்ல உழுந்து அழுதேன். அந்த வைகாசியிலயே உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. நீங்களும் மேல படிக்கறயான்னு ஒரு வார்த்தை கேக்கல.

— கேக்கல புள்ள. எனக்குத் தோணவே இல்ல. இப்ப நெனச்சா வெக்கமா இருக்குது.

— கோவத்துல சொல்லலீங்க. ஆனா இது நானாப் பாத்தது. என்ற பேரு தனியா ஒருக்காவாச்சும் அச்சுல வரட்டுமுங்க. வெறும் சௌந்தர்யா.

— இனிசியல் இல்லாமயா? இந்தச் சில்லாவுலயே ஆயிரம் சௌந்தர்யா இருக்கும். ஆரு ஊட்டு சௌந்தர்யான்னு ஊருல கேப்பாங்களே.

— கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?

— பொறு, அனுப்பீட்டு வாரேன்… போயிருச்சு. வெறும் சௌந்தர்யாதான். எவனாச்சும் கேட்டான்னா, அவ ஆரு ஊட்டுலயும் இல்ல, அவ ஊட்டுலதான் நான் இருக்கறேன்னு சொல்லிப் போடறேன்.