ஹார்லன் வெட்ட மறுத்த காட்சி

மேடையில் அமர்ந்திருக்கும் கார்ட்டூன் சேகரிப்பாளர் சங்கத் தலைவர் திரு. ஸப்ரிஸ்கி அவர்களே, படக் கம்பெனியின் துணைத் தலைவர் திரு. விட்லாக் அவர்களே, முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருக்கும் திருமதி ஆர்டித் வோஸ்குயில் அவர்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்காக க்ளெண்டேல் வரை வண்டி ஓட்டி வந்து, காப்பியும் டோனட்டும் தீர்ந்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் வெர்லீன் டப்ஸ். பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும். பழைய கார்ட்டூன் டிஸ்க்கைப் போட்டதும் முதலில் ஒரு கறுப்பினப் பெண் வந்து, "இனி வரும் சில காட்சிகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, மறைப்பது அதைவிடத் தவறு என்பதால் அப்படியே காட்டுகிறோம்" என்பாளே, அவள்தான் நான். நீங்கள் ரிமோட்டை அமுக்கி அமுக்கித் தாண்டப் பார்த்து, தாண்ட முடியாமல் திட்டுவது என்னைத்தான். அதைத் தாண்ட முடியாதபடி செய்த மனிதர் இன்று நம்மிடையே இல்லை.

ஹார்லன் வோஸ்குயில் அவர்கள் யார்? நம் தாய் தந்தையர் குழந்தைகளாக இருந்தபோது திரையரங்கில் ஓடிய கார்ட்டூன்களை, கத்தரி படாமல், தூசி துடைத்து, நம் வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்தவர். பர்பேங்கில் ஒரு மெத்தைக் கடைக்குப் பின்னால் அவருடைய சிறிய டிஸ்க் கம்பெனி. அங்கே அவர் செய்தது வியாபாரமா? வியாபாரம் என்றால் அவர் எப்போதோ பிழைத்திருப்பார்!

அவருடைய முதல் தொகுப்பை மறந்துவிட்டீர்களா? பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "முழுமையானது" என்று போட்டிருந்தார். டிஸ்க் வந்த அன்றே நீங்கள் என்ன செய்தீர்கள்? படத்தையா பார்த்தீர்கள்? எத்தனை நொடி ஓடுகிறது என்று ஸ்டாப்வாட்சைப் பார்த்தீர்கள்! அது உங்கள் குலவழக்கம். ஒரு படத்தில் ஒரு சிரிப்புக் காட்சி காணவில்லை. மூலப் பிரதி என்று நம்பி அவர் எடுத்தது மறுவெளியீட்டுப் பிரதி. மறுவெளியீட்டின்போது படக் கம்பெனியே முகப்புப் பெயர்களைக் கழற்றிவிட்டு, கண்ணை உறுத்திய இடங்களையும் நறுக்கியிருந்தது. கண் சிமிட்டும் நேரக் காட்சிதான். ஆனால் ஊரே அவரை ஏமாற்றுக்காரர் என்றது. இதோ, திரு. ஸப்ரிஸ்கி அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார். இப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

ஹார்லன் சாக்குச் சொன்னாரா? இல்லை. சரியான பிரதியைத் தேடிப் பிடித்து, புதிய டிஸ்க் அடித்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். அவர் மனைவி ஆர்டித் அம்மையார் உறைகளுக்குத் தபால்தலை ஒட்டியே நாக்கு மரத்துப்போனதாகச் சொல்வார்கள். அன்று அவர் ஒரு வாக்குக் கொடுத்தார்: இனி என் பெயர் போட்ட பெட்டியில் வெட்டுப்பட்ட படம் இருக்காது. நண்பர்களே, அந்த வாக்குதான் பிற்பாடு அவர் கழுத்துக்குச் சுருக்கானது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைசித் தொகுப்பின் வேலை தொடங்கியது. அதில் "திங்கட்கிழமைச் சலவை" என்றொரு படம். கொடியில் காயும் துணிகளை ஓர் ஆடு தின்கிற கதை. படக் கம்பெனிக் கிடங்கில் இருந்த பிரதியில் நடுவே ஒரு பகுதியே இல்லை. ஹார்லன் விடுவாரா? பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒருவருடைய கார் கொட்டகையில் முழுப் பிரதி கிடைத்தது. பழைய பிலிம் கெட்டுப்போனால் காடி நாற்றம் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது சுருங்கி, நெளிந்து, ஊறுகாய்ப் பானை மாதிரி நாறியது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவரை ஆர்டித் அம்மையார் வீட்டுக்குள் விடவில்லை. சட்டையை வாசலிலேயே கழற்ற வைத்தார்களாம். முழுதும் உதிர்வதற்குள் அதை இயந்திரத்தில் ஓட்டிப் பதிவு செய்துவிட்டார். பிறகு முன்னுரை எழுதுவதற்காக என்னை அழைத்துப் போட்டுக் காட்டினார்.

காணாமல்போயிருந்த பகுதியில் ஒரு சலவைக்காரி வருகிறாள். கறுப்பினத்தவள். எப்படி வரைந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? தட்டளவு உதடு, உருளும் கண், ஆட்டைத் துரத்தித் தொட்டிக்குள் தலைகுப்புற விழுகிற உடம்பு. இப்படி எத்தனையோ பார்த்தவள் நான். ஆனால் அவள் பாடியபடி துணி துவைத்தாள், ஆடு முட்டியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் படத்தை நிறுத்தச் சொன்னேன். அது என் அத்தை ஐடெல்லா ஃபோன்டெய்னின் சிரிப்பு.

சென்ட்ரல் அவென்யூ தேவாலயத்தில் பாடிய என் அத்தை. மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி ஒரு சத்தத்தோடு சிரிப்பாள். கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்ததாக அவள் சாகும்வரை யாரிடமும் சொன்னதில்லை. படத்திலும் பெயர் இல்லை. அவள் குரல் வேறு எந்தப் பதிவிலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லாத அந்தக் குரல், எங்களைக் கேலி செய்ய வரைந்த ஒரு பொம்மையின் வாயிலிருந்து வந்தது. நான் எங்கே போய்ச் சொல்ல?

அன்று நான் ஹார்லனைக் கேட்டேன். "இதை எடுத்துடுங்க ஹார்லன். எங்க அத்தையை இப்படி நாலு பேர் பார்க்க வேணாம்."

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். "எடுத்துடலாம் வெர்லீன். கத்தரி போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா அந்த அசிங்கத்தை மட்டும் தனியா வெட்டி எடுக்க எனக்குத் தெரியலையே. வெட்டினா உங்க அத்தையும் சேர்ந்து போயிடறாங்க."

"யார் இதை வாங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்தம்மா விழறதைப் பார்த்துச் சிரிக்கவே வாங்கறவனும் இருக்கான். அவனுக்கும் சேர்த்துத்தான் நான் விக்கிறேன். அதனாலதான் உங்களை முன்னாடி நிறுத்தறேன். நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் அவன் எங்கயும் ஓட முடியாது."

கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். மறுநாளே திரும்பி வந்து அந்தப் பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை. பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வாரக் கடைசியில் நானே சொன்னேன்: காட்சி இருக்கட்டும், ஆனால் அவள் பெயரை எழுதுங்கள். அதுவே தன் நிபந்தனையும் என்றார் ஹார்லன்.

ஆனால் படம் யாருடையது? கம்பெனியுடையது. வெட்டிப் போடு, இல்லாவிட்டால் போடாதே என்றது கம்பெனி. பத்திரிகைகள் கிழிக்கும் என்ற பயம். வக்கீல்களின் பயம். வெட்டினால் கொடுத்த வாக்கு போகும், என் அத்தை போவாள். வெட்டாவிட்டால் தொகுப்பே இல்லை. உங்களில் சிலர், ராத்திரியோடு ராத்திரியாக இணையத்தில் ஏற்றிவிடு என்று அவர் காதைக் கடித்தீர்கள். ஏற்றினால் கிடங்கில் மிச்சமிருக்கும் அத்தனை படங்களுக்கும் கம்பெனி பூட்டுப் போடும், இனி எவருக்கும் சாவி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்காவது இரண்டே பக்கம்தான் நெருப்பு!

மூன்று ஆண்டுகள் அந்த மனிதர் இப்படியே இருந்தார். கம்பெனிக்குக் கெஞ்சி எழுதினார். நீங்கள் "எப்போது, எப்போது" என்று துளைத்தபோது, "பொறுங்கப்பா, பிலிம் தானா சுருங்குது, நீங்க வேற என்னைச் சுருக்காதீங்க" என்று சிரித்து மழுப்பினார். வெளியேறவும் வழியில்லை, உள்ளே இருக்கவும் முடியவில்லை. போன மாதம் அவர் இதயம் நின்றது. மருத்துவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். எனக்கு என் காரணம் இருக்கிறது.

இப்போது இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். திரு. விட்லாக் அவர்கள் என்னை வெளியே அழைத்தார். மரியாதையான மனிதர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தொகுப்பை வெளியிட முடிவு செய்துவிட்டார்களாம். ஹார்லன் நினைவாகவாம். பெட்டியின் மேல் அவர் பெயர், உள்ளே அவர் புகைப்படம். சலவைக்காரி மட்டும் இருக்க மாட்டாள்.

"இந்த மேடையிலயே நீங்க அறிவிச்சிட்டா நல்லா இருக்கும், மிஸ் டப்ஸ்," என்றார். "எல்லாரும் எத்தனை வருஷமா காத்திருக்காங்க."

உண்மைதான். உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். தொண்ணூறை நெருங்கும் திரு. ஸப்ரிஸ்கிக்கு இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் இருக்கிறதோ. ஒரு காட்சி போனால் போகட்டும், மற்ற படங்களாவது வரட்டும் என்று உங்களில் பாதிப் பேர் இந்த நிமிடமே நினைக்கிறீர்கள். அதைத் தவறு என்று நான் எப்படிச் சொல்வேன்? நானே ஒரு காலத்தில் அதைத்தானே கேட்டேன்?

ஆர்டித் அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் அழவில்லை. "வெட்டுன பொட்டியில அவர் பேரைப் போட்டாங்கன்னா, நான் கடை கடையா போய்க் கிழிப்பேன். என்னைப் போலீஸ் பிடிச்சா நீ வந்து ஜாமீன் எடு," என்றார்கள். அந்தக் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த மாதிரிக் கூட்டத்தின் முடிவில், மறைந்தவர் விட்ட பணியை நிறைவேற்றுவோம் என்று சூளுரைப்பது வழக்கம். நானும் அப்படி ஒன்றை எழுதித்தான் கொண்டுவந்தேன். அதை இப்போது படிக்க முடியாது. அவர் விட்ட இடத்தில் பணி இல்லை, பூட்டிய கதவுதான் இருக்கிறது.

திரு. விட்லாக் அவர்களே, என் முன்னுரை இல்லாமல் இந்தத் தொகுப்பு வெளிவரக் கூடாது என்பது உங்கள் வக்கீல்கள் போட்ட நிபந்தனை. ஒரு கறுப்பினப் பெண் முன்னால் நின்று பேசினால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டார்கள். அந்த முன்னுரையை நான் இன்னும் பேசிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் போவதில்லை. அந்தக் காட்சி திரும்ப வந்து, அதன் கீழே "குரல்: ஐடெல்லா ஃபோன்டெய்ன்" என்று எழுத்து விழும் நாள்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் கிடைக்காது.

அன்பர்களே, இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குத் தொகுப்பு கிடையாது. அடுத்ததற்கும் கிடைக்காமல் போகலாம். ஹார்லன் மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் இனி நான் இருக்கிறேன், உங்களையும் இழுத்து வைத்துக்கொண்டேன். திட்டுங்கள், பழக்கம்தான். திரு. ஸப்ரிஸ்கி, உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டாமா? சரி, சொல்லுங்கள்.

அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "முன்னே அவர்கிட்ட கத்தினது நான்தான். எனக்கு முழுசா வேணும்னுதானே கத்தினேன். காத்திருக்கேன், நீ உட்காரும்மா."

அப்படியானால் நான் உட்காருகிறேன்.