பிருந்தாபனுக்கு ஒரு நட்சத்திரம்

எனக்கு அரன்சீனா ஒத்துக்கொள்வதில்லை. சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சி வைத்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் அந்த உருண்டையை இத்தாலியின் பலேர்மோ நகரம் முழுவதும் காலையும் மாலையும் சாப்பிடுகிறது. எனக்கு ஒன்று உள்ளே போனாலே நெஞ்செரிச்சல். ஆகவே பிருந்தாபனுக்குப் பொரியல் கடையில் நான் வேலை எடுத்துக் கொடுத்ததில் எந்தச் சுயநலமும் இருக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

கனகேஸ்வரி அக்கா, நீங்கள் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவி. நடந்ததைச் சங்கக் கூட்டத்தில் ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள், தேத்தண்ணியும் ஊற்றித் தந்தீர்கள். சொல்கிறேன். பிருந்தாபனின் தகப்பன் மார்க்கண்டு நடுவில் கதிரையைத் தூக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கத்தின் விசயம் வெளியாருக்குப் புரியாது. புன்னையடிக் கல்லூரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அதன் உதைபந்தாட்ட அணி பலேர்மோவில் இருக்கிறது. அணியில் விளையாடும் பிள்ளைகளில் ஒருவனும் அந்தக் கல்லூரியின் வாசலைக் கண்டதில்லை. தகப்பன் படித்தார், மகன் விளையாடுகிறான். ஒவ்வொரு கோடையிலும் இதேபோலத் தங்கள் கல்லூரியைக் கண்டிராத மற்றப் பிள்ளைகளோடு கிண்ணத்துக்காக மோதுகிறான். இதில் ஒரு குறையும் இல்லை. கல்லூரிப் பற்று என்பது கட்டடத்தைப் பார்த்து வருவதல்ல.

அணிக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போடும் முறையைக் கொண்டுவந்தவன் நான். அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது அப்படித்தான் போடுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். அவர்களுடைய பந்து முட்டை வடிவம், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனாலும் முறை நல்ல முறை. அன்றிலிருந்து விளையாட்டு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்து நட்சத்திரங்களை அறிவிப்பது நான்தான். தாய்மார் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்வரிசைக்கு வருவார்கள். வியா மக்வேதாத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் வாசல் பார்க்கும் போர்த்தியேரே நான். அங்கே எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள். இங்கே என் வாயைப் பார்த்து நிற்பார்கள். அந்த ஒலிவாங்கி என்னிடமிருந்து போனால் எனக்கு வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

லக்சனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அவன் பந்தை உதைத்ததை நான் பார்க்கவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அவனுடைய தகப்பன் விமலராஜ் எங்கள் கல்லூரியின் முன்கள வீரர். அவர் அடித்த பந்து மதிலைத் தாண்டி அதிபர் வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்ததை நான் கண்ணால் கண்டவன். இரத்தத்தில் இருப்பது எங்கே போகும்.

பிருந்தாபனுக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் இரக்கத்தில் போட்டது. வன்னிப் பிள்ளை, ஆள் போதாத குறைக்குச் சேர்த்துக்கொண்டோம். தகப்பன் எந்தக் கல்லூரி என்று கேட்டேன். "எங்கடை பள்ளிக்கூடம் எங்களோடை சேந்து இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது அண்ணை, எதையெண்டு சொல்லுறது" என்றார் மார்க்கண்டு. மனிதர் பாவம்தான். ஆனால் பாவத்துக்கு நட்சத்திரம் போடமுடியாது.

அதன்பிறகு பிள்ளைகள் வளரத் தொடங்கினார்கள். அங்கேதான் பிரச்சினை.

லக்சனை நாங்கள் கண்ணுக்குள் வைத்து வளர்த்தோம். ஐந்து நட்சத்திரக் காலுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்று அவனைப் படியேற விடவில்லை, கடைப் பையைத் தூக்க விடவில்லை, பயிற்சிக்குக்கூட ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டில் தாய் முட்டையும் நல்லெண்ணெயுமாகக் கொடுத்தார். பெரியபிள்ளையான பெட்டைக்குக்கூட யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பெடியன் பளபளவென்று வந்தான். ஓடச் சொன்னால் மட்டும் மூச்சு வாங்கியது.

பிருந்தாபனோ யாரும் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருந்தான். போன வருடம் அவன் அடித்த பந்தைப் பார்த்துவிட்டுச் சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு பிள்ளை தன் நட்சத்திரத்தை மீறி நடப்பது அவனுக்கே நல்லதல்ல என்று நினைத்தேன். இதையும் நான் அக்கறையில்தான் சொல்கிறேன்.

அதனால்தான் போர்கோ வெக்கியோச் சந்தையில் பொரியல் கடை வேலை. எண்ணெய்க்குள் நின்று, மிச்சம் மீதியைச் சாப்பிட்டு, ஒரு குளிர்காலத்துக்குள் உருண்டுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். பெடியன் மாவு மூட்டை தூக்கினான், சந்தை முழுக்க ஓடியோடிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். தோள் அகன்று வந்தான். தாய் பவளராணி என்னைத் தேடி வந்து, "அண்ணை, உங்களாலைதான் பிள்ளை தேறினவன்" என்று கண்கலங்கினார். அன்று எனக்கு அரன்சீனா சாப்பிடாமலே நெஞ்செரிந்தது.

பிறகு என் கட்டடத்தில் ஐந்தாம் மாடிச் சிஞ்ஞோராவுக்கு, அந்த இத்தாலியக் கிழவிக்கு, தண்ணீரும் சாமானும் தூக்கும் வேலை கொடுத்தேன். லிப்ட் பழுது என்று எழுதி ஒட்டியதும் நான்தான். லிப்ட் நன்றாகத்தான் இருந்தது. அவனுடைய முழங்கால் தேயவேண்டும் என்பதற்காக அதை நிறுத்தி வைத்தேன். சிஞ்ஞோரா பெருநாளுக்குக்கூடக் கீழே இறங்கவில்லை. அவருக்கும் வெளியில் பெரிதாக வேலை இருக்கவில்லை. மற்றக் குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் வயிறு வற்றியது. பிருந்தாபன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறப் பழகிக்கொண்டான். அவனுடைய முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருட இறுதியாட்டம் வந்தது. ஆட்டத்தைப் பார்க்க இந்த ஊர்க் கழகம் ஒன்றின் பயிற்சியாளர் வருவார், ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போவார் என்று நீங்கள்தானே அறிவித்தீர்கள். யாரை எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பவளராணி கோவிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பெடியன் தன் சப்பாத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே மெலிந்துவிட்டது. ஒரு நட்சத்திரக்காரனை ஒரு வெள்ளைக்காரன் கூட்டிக்கொண்டு போனால், நான் எந்த முகத்தோடு ஒலிவாங்கியைப் பிடிப்பது.

முதல்நாள் மாலை அவனைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டேன். எங்கள் சங்கத்துச் செலஸ்ரீனா மாமி கப்பலில் நாப்போலிக்குப் போகிறா, மருந்துப் பார்சலை விட்டுவிட்டுப் போய்விட்டா, மேல்தட்டில் இருப்பா, கொடுத்துவிட்டு ஓடிவா என்றேன். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று டிக்கெட்டும் எடுத்திருந்தேன். படுக்கையோடு சேர்த்துத்தான் எடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"மாமா, பாரமாக் கிடக்கு. உள்ளை என்ன?"

"மருந்துச் சாமான். குலுக்காமல் கொண்டுபோ."

கப்பல் அன்று நேரத்துக்கே வெளிக்கிட்டது. கொஞ்ச நேரத்தில் கைத்தொலைபேசி அடித்தது.

"மாமா, கப்பல் வெளிக்கிட்டிட்டுது. நான் எல்லா இடமும் தேடிட்டன், செலஸ்ரீனா மாமியைக் காணேல்லை. மருந்து இல்லாமல் அவ என்ன செய்வா?"

தன்னுடைய ஆட்டம் போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. "சாப்பிட்டிட்டுப் படு தம்பி, காலைச் சாப்பாடும் டிக்கெட்டிலை இருக்கு" என்றேன். செலஸ்ரீனா மாமி தன் வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, மருந்தும் இல்லை.

மறுநாள் நாங்கள் நான்குக்குப் பூச்சியம் தோற்றோம். லக்சன் அரைவாசியில் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுக்கப் போனேன். "மாமா, எனக்குப் பந்து விருப்பமில்லை. எனக்குத் தலைமயிர் வெட்டத்தான் விருப்பம். நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையே" என்றான். பயிற்சியாளர் யாரையும் எடுக்காமல் போனார். அணியில் பாதிப் பேருக்குத் தலை வெட்டிவிட்டது லக்சன்தானாம், அழகாகத்தான் வெட்டியிருக்கிறான். ஐந்து நட்சத்திரம் என்று நான் சொன்னது எதில் என்று நான் சொல்லவே இல்லையே.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பார்சலில் மருந்து இருக்கவில்லை. பிருந்தாபனின் சப்பாத்துத்தான் இருந்தது. அவன் எப்படியாவது கப்பலிலிருந்து இறங்கிவிட்டால்கூட விளையாடக்கூடாது என்று, பொரியல் கடைக்குப் போய் அவனுடைய பையிலிருந்து நானே எடுத்துக் கட்டினேன். பவளராணி வீடு முழுக்க அழுதழுது தேடியது அதைத்தான்.

அவன் பார்சலைத் திறந்து பார்த்திருக்கிறான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கப்பல் தட்டில் லொறிச் சாரதிகளோடு பந்தடித்திருக்கிறான். அதில் ஒருவனுடைய மச்சான் நாப்போலியில் ஒரு கழகத்துக்குப் பயிற்சி கொடுப்பவனாம். விடிந்ததும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் திருப்பி அனுப்பவில்லை. நேற்றுத் தொலைபேசி எடுத்துக் கதைத்தான். "மாமா, என்னைக் கப்பலேத்தத்தானே சப்பாத்தையும் ஒளிச்சு வைச்சுத் தந்தனீங்கள். நான் உங்களை மறக்கமாட்டன்" என்றான். நான் மறுக்கவில்லை. நன்றி சொல்லும் பிள்ளையின் மனதை நோகடிப்பானேன்.

கணக்குப் பார்த்தால், மூட்டை தூக்கவைத்தது நான், படியேற வைத்தது நான், கப்பலேற்றியதும் நான். அவனை வளர்த்தது யார் என்று நீங்களே யோசியுங்கள். ஒலிவாங்கியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தாருங்கள். பிருந்தாபனுக்கு இன்னொரு நட்சத்திரம் கூட்டித் தருகிறேன், இரண்டு. அதற்கு மேல் கேட்காதீர்கள் அக்கா, எனக்கென்று ஒரு நேர்மை இருக்கிறது.