நாலடிக்கு ஓர் அங்குலம்

அந்த வண்டியை அப்படியே மேசையில் விட்டுவிடாதீர்கள், ஐயா. உங்கள் மேசை சன்னல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முன் சக்கரத்துக்கு அந்தப் பென்சிலை அண்டை கொடுங்கள். அவ்வளவுதான், இனி நிற்கும். அச்சுக்கெல்லாம் ஊசி முனையில் தொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறேன், வாயால் ஊதினாலே உருளும். பிளாஸ்டிக் சாமான், விழுந்தால் போச்சு. கோவில்பட்டியில் எந்தக் கடையிலும் இதற்கு மாற்று கிடைக்காது.

நடந்ததைச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். எழுதுகிற ஏட்டையாவுக்குக் கை வலிக்காத மாதிரி மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் மாயகிருஷ்ணன். சொந்த ஊர் பசுவந்தனை. எங்கள் வீட்டில் எல்லாரும் ஆடு மேய்த்தவர்கள், நான்தான் முதன்முதலில் லாரிக்கு வந்தவன். குலாம் ரசூல் முதலாளியின் டிரெய்லர் லாரியில் கிளீனராக இருந்தேன். உலகச் சண்டை முடிந்த பிறகு ராணுவத்தார் ஏலத்தில் விட்ட வண்டி அது. இழுக்கிற எஞ்சின் வண்டி தனி, சுமக்கிற டிரெய்லர் தனி. இரண்டையும் ஒரு கொண்டி சேர்த்துப் பிடித்திருக்கும். இங்கே ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுப் பொதி ஏற்றினால் எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய் இறக்குவோம். டிரைவர் சங்கரபாண்டியன். செத்துப்போனவர் அவர்தான்.

லாரியில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். கண்ணாடியில் தெரியாத இடத்தில் நடக்கிறதுக்கெல்லாம் டிரைவர் கிளீனரின் குரலைத்தான் நம்புவார். இறங்கி வந்து பார்க்க மாட்டார். பார்த்தால் கிளீனரை அவமதித்த மாதிரி. கிளீனர் ‘வரலாம்’ என்றால் வண்டி பின்னால் வரும். ‘கட்டை போட்டாச்சு’ என்றால் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டை இருக்கிறது என்று அர்த்தம், டிரைவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக்கை யார் நம்புகிறார்கள். கட்டைதான் உயிர். ஆயுதபூசைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது கட்டைக்கும் ஒரு பொட்டு வைப்போம். எங்கள் வண்டிக்கு டிரைவர் வீட்டு மதினி வந்து வைப்பார்கள்.

போன வருஷம் ஒருநாள் டிரெய்லரை மாட்டினோம். எஞ்சின் வண்டி பின்னால் வர வேண்டும். நான் நடுவில் நின்று, கொண்டி நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டு, பிறகு ‘வரலாம்’ என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது. வலது கையில் நடு மூன்று விரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலாளியைப் பார்க்கப் போனோம். ‘பய வரலாம்னு சொன்னான் மொதலாளி. சொல்லிட்டுக் கைய வச்சிட்டான்’ என்றார் சங்கரபாண்டியன். நான் பக்கத்தில்தான் கட்டுப் போட்ட கையோடு நின்றேன். அவர் பொய் சொன்னார் என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தவர் எதையாவது சொல்லத்தான் செய்வார்.

அடுத்த மாதம் எனக்குத் திருநெல்வேலியில் லைசென்ஸ் டெஸ்ட் இருந்தது. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பசுவந்தனை ரோட்டில், இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடக்கும்போது, ‘ஏலே, ஸ்டியரிங்க அப்படி இறுக்கிப் பிடிக்காதல, அது என்ன ஆட்டுக் கொம்பா’ என்று சிரிப்பார். குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரிலேயே முதல் டிரைவர் நான்தான் என்று பசுவந்தனையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. அதற்காக எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. இதையும் ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும்.

விரல் போன பிறகு வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரி சீனித்தாய் தீப்பெட்டி ஒட்டுவாள், நான் பசை காய்ச்சிக் கொடுப்பேன். அப்போதுதான் ஒருநாள் சங்கரபாண்டியன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன் கொடுத்தானாம். மேலே டிரெய்லர் லாரிப் படம். உள்ளே பூராவும் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சட்டத்தில் காய் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்த்துப் பிய்த்து ஒட்டினால் லாரி.

‘சும்மாதான இருக்க, மாயா. இத வச்சிக் கட்டு. பொழுது போகும்லா’ என்றார்.

‘ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி’ என்று வாங்கிக்கொண்டேன். அவர் என் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பெட்டியில் இருந்தது எங்கள் வண்டி இல்லை. அதற்கு மூக்கு நீளம். டிரெய்லரும் நாலு பக்கமும் மூடிய பெட்டி. எனக்கு எங்கள் வண்டிதான் வேண்டும். அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதாகத் தபாலாபீஸ்காரர் படித்துச் சொன்னார். கணக்குப் பார்த்தேன். அங்கே நாலடி என்றால் இங்கே ஓர் அங்குலம். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் மனசுக்குள் அந்தக் கணக்குத்தான் ஓடும். சீனித்தாய் ஒன்றேகால் அங்குலம். எங்கள் வீட்டு வாசல் ஒன்றரை.

கத்தியைக் காய்ச்சி மூக்கை அறுத்துக் குட்டையாக்கினேன். டிரெய்லரின் கூரையை எடுத்துவிட்டு, மருந்து முக்காத தீக்குச்சிகளைப் பிளந்து பலகை பலகையாக ஒட்டினேன். தார்ப்பாய்க்கு அசல் தார்ப்பாய்த் துண்டை வைத்துப் பார்த்தேன், இந்த அளவில் அது தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நைந்த மல் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் போட்டேன். அழகாக மடிந்து விழுந்தது. நெற்றியில் முதலாளி எழுதியிருக்கிற 786, உள்ளே சங்கரபாண்டியன் ஒட்டியிருக்கிற முருகன் படம், வலது மட்கார்டில் இருக்கிற ஒடுக்கு, ஒன்றையும் விடவில்லை. முதலில் வலது கையை ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். போகப் போகப் பார்த்தால், மிச்சம் இருந்த பெருவிரலும் சுண்டுவிரலும் தட்டாசாரி கையில் இருக்கிற சாமண இடுக்கி மாதிரி ஆகிவிட்டன. கடுகளவு துண்டைக்கூட நழுவ விடாது.

‘பொம்ம வண்டி கட்டுதீங்களாக்கும். இதுல என்னைய எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போப்போறீங்க’ என்பாள் சீனித்தாய். ‘ஒண்ணேகால் அங்குலம்தான இருக்க, ஒனக்கு முன் சீட்டு’ என்பேன். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த நாட்கள் நல்லாத்தான் இருந்தன.

தூத்துக்குடி நடை முடிந்து வந்தால் சங்கரபாண்டியன் எட்டிப் பார்ப்பார். டிரைவர் சீட்டில் தீக்குச்சியில் ஓர் ஆளைச் செதுக்கி உட்கார வைத்திருந்தேன். ‘இது யாருல’ என்று கேட்டார். ‘நீங்கதான் அண்ணாச்சி’ என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். அது அவர் இல்லை, நான். உற்றுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும், வலது கையில் ஐந்து விரலையும் ஊசியால் கீறி வைத்திருந்தேன்.

கடைசியில் அடிப்பாகம்தான் பாக்கி. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டு, அச்சு, பட்டை எல்லாவற்றையும் அளவெடுக்க வேண்டும் என்றேன். ‘அப்ப ஒரு நடை கூட வால. கிளீனரும் அக்கா கல்யாணம்னு போயிருக்கான்’ என்றார். போனேன். முன்னால் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். என் பழைய துண்டுகூட அங்கேயேதான் கிடந்தது.

எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம், ஓடைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இறக்கத்தில் வரும்போது அடியில் ஷாஃப்டு தடதடவென்று அடித்தது. ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, கியரில் போட்டு நிறுத்தினார். உச்சி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. சட்டையைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு ஸ்பேனரோடு அடியில் போனார். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது, ஐயா. கட்டை ஒன்றுதான் பிடிக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

‘கட்டை போட்டாச்சா மாயா?’

‘போட்டாச்சு அண்ணாச்சி’ என்றேன்.

கட்டை என் மடியில் இருந்தது. பின் சக்கரத்துக்குக் கைநீட்டுகிற தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். கட்டையையும் ஓர் அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முக்கால் அடி நீளம். நம் கணக்கில் ஓர் உளுந்தம்பருப்பு அளவுக்கு வரும். அளந்துவிட்டுப் போடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் அடியில் படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். ‘ஒன் வண்டி முடிஞ்சதும் மொதலாளிட்டக் கொண்டுபோயிக் காட்டுவோம்ல. வெரல் இல்லாமலே இப்படிக் கட்டியிருக்கான், இவனுக்கு ஆபீசுல ஒரு வேல போட்டுக் குடுங்கன்னு நானே கேக்கப் போறேன்.’ பிறகு கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றதும் சொன்னார்: ‘அன்னைக்கு நீ வரலாம்னு சொல்லலதான், மாயா. எனக்குத் தெரியும். வாய் தவறிச் சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல. பெத்த பிள்ளைக்குச் செஞ்ச மாதிரி இருக்குல எனக்கு.’

‘அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி’ என்றேன். கட்டையின் நீளத்தை அளந்து முடித்திருந்தேன். அகலம் பாக்கி இருந்தது, அதை அளந்தேன்.

கடைசி போல்ட்டு கழன்று விழுந்த சத்தம் கேட்டது. வண்டி உடனே ஓடிவிடவில்லை. சினைமாடு எழுந்திருக்கிற மாதிரி முனகிக்கொண்டு மெதுவாகத்தான் அசைந்தது. கட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால்கூடப் போதும், நேரம் இருந்திருக்குமே என்கிறீர்கள். இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் என் கையைப் பாருங்கள், ஐயா. விரல் இல்லாத கை. சட்டென்று எழுமா? அவர் ‘மாயா’ என்று ஒரு தடவை கூப்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. அவ்வளவுதான்.

பின் சக்கரம் ஏறி இறங்கி, வண்டி ரோட்டை விட்டு விலகிக் கரிசல் காட்டுக்குள் புதைந்து நின்றது. நான் போய்ப் பார்த்தேன். துண்டை எடுத்து அவர் முகத்தில் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை, தாகமாக இருந்தது. அடுத்து வந்த எட்டயபுரம் பஸ்காரர்களிடம், கட்டை நழுவி ஓடையில் போய்விட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். கிளீனர் சொன்னால் நம்புவதுதான் வழக்கம்.

கட்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது தப்புத்தான். ஆனால் ஓர் அளவுக்கு இரண்டு அளவு பார்ப்பது என் பழக்கம்.

மாதம் ஒன்று கழித்து வெள்ளைத்தாய் மதினி, சங்கரபாண்டியன் சம்சாரம், எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ‘அவிய எந்நேரமும் இந்த வண்டியப் பத்தித்தான் பேசுவாவ. ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் தம்பி’ என்றார்கள். பார்த்தார்கள். தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார்கள். டிரைவர் சீட்டில் இருக்கிற ஆளைப் பார்த்து, ‘இது அவியளா’ என்று கேட்டு அழுதார்கள். ஆமாம் என்றேன். அப்புறம்தான் இந்தப் பொம்மை வண்டிக்குப் பின்னால் நான் வைத்திருந்த அசல் கட்டை அவர்கள் கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பினார்கள். பக்கவாட்டில் எண்ணெயில் குழைத்து வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

‘இது நான் வச்ச பொட்டுல்லா’ என்றார்கள். ‘கட்டை ஓடையில போச்சுன்னு சொன்னீங்களே தம்பி. இது இங்கன எப்படி வந்துச்சு?’

வெறும் நெற்றியோடு நின்றுகொண்டு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனித்தாய் தீப்பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். கட்டை போடவில்லை, போட்டாச்சு என்று சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாகட்டும் என்று விட்டுவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். கை எழவில்லை என்று எழுதுங்கள். அதுதான் நடந்தது. எனக்கு அவர் மேல் என்ன கோபம்...

ஐயா, அந்தப் பென்சிலை எடுக்காதீர்கள். ஏட்டையாவுக்கு எழுத வேறு பென்சில்...

பிடித்துவிட்டேன். பதறாதீர்கள், பிடித்துவிட்டேன். மேசை விளிம்பைத் தாண்டிவிட்டது, தரையைத் தொட விடவில்லை.

என்ன, ஏட்டையாவும் எழுதாமல் என் கையையே பார்க்கிறார்? ஆமாம், வலது கைதான்.

ஒன்றும் உடையவில்லை, ஐயா. நல்லவேளை.