கோழிக்கு வைத்த மருந்து

என் பெயர் சிலுவையம்மாள், வயது 36, கணவர் பெயர் அருள்நாதன், மீன்பிடி தொழில். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் குடியிருக்கிறேன். திருவொற்றியூரில் லட்சுமணன் என்பவருடைய கோழிப்பண்ணையில் 1967 முதல் நாலு வருடமாகத் தீவனம் கலக்கிறேன். இதுவரை என் பேரில் ஒரு பிராது கிடையாது.

பண்ணையில் குஞ்சுகளுக்குக் கழிச்சல் வராமலிருக்க டப்பாவில் வரும் மஞ்சள் பொடியைத் தீவனத்தில் கலப்போம். அதை மருந்து என்றுதான் சொல்வோம். போன வருடம் பொடி போட்டும் குஞ்சுகள் கழிந்து செத்தன. எங்கள் குப்பத்து வாத்துகள் கழிமுகத்துப் பச்சைப்பாசியைத் தின்றுவிட்டுக் நோயில்லாமல் கல்லுக்குண்டாட்டம் திரிவதைப் பார்த்தவள் நான். ஆகையால் பாசியை அலசி, காயவைத்து இடித்து, ஒரு கூண்டுக்கு மட்டும் பொடிக்குப் பதிலாகக் கலந்து வைத்தேன். அந்தக் கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதன் பிறகு முதலாளியே, "டப்பாவைத் தூக்கிப் போடு, இனிமே எல்லாத்துக்கும் உன் மருந்தையே வை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை வழக்கம்போல் கலந்து வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனேன். சற்று நேரத்தில் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. ஒன்று மிஞ்சவில்லை. ஜனம் கூடி என்ன என்று கேட்கவே, நான் மாரடித்துக்கொண்டு, "நான்தான் மருந்து வெச்சேன்" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, ஆளைக் கொல்ல வைப்பதும் மருந்து. வந்த போலீஸ்காரர் விஷம் வைத்ததாக எழுதிக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். எந்த மருந்து என்று தெரிந்த முதலாளி பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷன் நன்றாயிருக்கட்டும்.

அதன் பிறகு இன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுவந்த என் கணவரிடம் உள்ளதைச் சொன்னேன். வழக்கமான இடத்தில் பாசி குறைந்துபோனதால், அந்தத் தடவை புதுக் கம்பெனியின் கழிவுக் குழாய்ப் பக்கம் அள்ளினேன். அலசும்போதே கை எரிந்தது, நான் அசட்டையாக இருந்துவிட்டேன். அதைக் கேட்டு அவர், "அத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லிக்காதமே. தண்ணி கெட்டுப்பூட்ச்சுன்னு தெரிஞ்சா நம்ம மீன எவன் வாங்குவான்? குப்பத்துல ஒரு வூட்லயும் அடுப்பு எரியாது" என்று அழுதார். சொன்னால் குப்பம் போகும், சொல்லாவிட்டால் நான் ஜெயிலுக்குப் போவேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குப்பத்துக்காக விஷம் வைத்ததாகவே ஒப்புக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு சோற்றுத் தூக்குச்சட்டியைத் திறந்தேன். மடவை மீன் குழம்பு. மடவை கழிமுகத்தில் பாசியை மேய்கிற மீன். "பசங்க துன்னுச்சுங்களா?" என்று கேட்டேன். "வயிறு முட்டத் துன்னுச்சுங்க" என்றார்.

நான் சோற்றைத் தொடாமல் எழுத்தர் ஐயாவைக் கூப்பிட்டு இதைச் சொல்கிறேன். கோழி கேஸ் எப்படியாவது போகட்டும். முதலில் ஆள் அனுப்பி என் இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்ததுதான், அத்தனையும் நிஜம்.

சிலுவையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.