எண்ணவாவது விடுங்கள்!

அவைக்குத் தலைமையேற்ற ஐயா அவர்களே, என் வாயை அறிந்தும் ஒலிவாங்கியைத் தந்த அமைப்பாளர்களே, ஆன்றோர்களே, அன்னையர்களே, கடைசி வரிசையிலிருந்து கனைக்கும் என் கூட்டாளிகளே, வணக்கம்!

அணுவை அணுகத் தெரிந்த வல்லரசுகளுக்கு ஒன்றையொன்று அணுகத் தெரியவில்லையே! வளர்த்தது வல்லமையா, வல்லடியா?

என் அம்மா ஏவுகணை ஆய்வாளர். ஏவுபவர் அல்லர், எண்ணுபவர். நம் நாடும் எதிர் வல்லரசும் ஒருவர் கணையை மற்றவர் எண்ண ஒப்பந்தம் போட்டிருந்த காலத்தில் அம்மா அந்த நாட்டுக் கிடங்குக்குப் போய் எண்ணுவார். அந்த நாட்டு ஆய்வாளர் நம் கிடங்குக்கு வந்து எண்ணுவார். அம்மாவுக்கு அவர் 'அண்ணன்'. நம் மொழியை நூல் பார்த்துக் கற்றவர். ஒருமுறை விடைபெறும்போது நம் தளபதியின் கையைப் பிடித்துக் கனிவாகச் சொன்னார்: "உங்களைப் பார்த்துக்கிறேன்!"

காவலர்கள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள்!

"ஐயோ அண்ணே, அது மிரட்டல்! 'உடம்பைப் பார்த்துக்குங்க'ன்னு சொல்லணும்" என்று அம்மா குறுக்கே பாய்ந்தார். தளபதி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒப்பந்தம் காலாவதியாகும் வரை நானும் சிரித்தேன். அதைப் புதுப்பிக்க எவரும் வரவில்லை. இரு தலைவர்களும் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். "பார்த்துக்கிறோம்" என்றார் ஒருவர். "பார்த்துக்கலாம்" என்றார் மற்றவர். இலக்கணப் பிழையே இல்லை, ஐயா! அதனால்தான் அழுகை வருகிறது.

பார்க்க மாட்டார்களாம், பார்த்துக்கொள்வார்களாம்! கிடங்கின் கதவு மூடியது. கண்டது போய்க் கற்பனை வந்தது. கற்பனைக்குப் பயந்து கணைகள் கூடின.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "இப்போ அவங்ககிட்ட எத்தனைம்மா இருக்கும்?"

வழக்கமாக, "எனக்குத் தெரியும். உனக்கெதுக்குடி வாயாடி? போய்ப் படி" என்று விரட்டுவார். அன்று குழாயை மூடினார்.

"தெரியலடி. அந்த அண்ணனுக்கும் நம்மளது தெரியாது. அவரும் பயந்துக்கிட்டுதான் இருப்பாரு."

தாய்மார்களே, அந்தத் "தெரியல"வைக் கேட்ட நாள்முதல் எனக்குக் குறும்பே வரவில்லை. என்ன தம்பி, நம்ப முடியவில்லையா? என்னாலும் முடியவில்லை.

வல்லரசுகளே! குறைப்பது பிறகு, கூடிக் குலவுவது பிறகு. முதலில் எண்ணவாவது விடுங்கள்! எண்ணிக்கை தெரிந்தால்தான் எண்ணம் தெளியும். என் அம்மாவின் பயணப்பெட்டி கட்டியபடியே கதவோரம் நிற்கிறது. அழைத்தால், இந்த மேடையிலிருந்து இறங்கி அதை நானே தூக்கிப்போய் வண்டியில் ஏற்றுவேன்!

பொறுமையாய்க் கேட்ட உள்ளங்களுக்கு நன்றி. எல்லை தாண்டி, எங்கோ பயந்தபடி இருக்கும் அந்த மாமாவுக்கும் சேர்த்து, வணக்கம்!