ஆளுக்கொரு மூலை

இல்ல தம்பி, மேல கம்பி நல்லாத்தான் சிவக்குது. கீழதான் உயிரே இல்ல. கீழ சூடு வரலைன்னா அடியில கிழங்கு பச்சையா நிக்கும், மேல சீஸ் மட்டும் கருகிக் கரியாப் போயிடும். நீ கதவக் கழட்டிட்டு உள்ள பாரு. ஸ்விட்ச அணைச்சிட்டேன், எதுக்கும் நீயும் ஒருதடவ பாத்துக்கோ. போனதடவ உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்தான். ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர், ஒரு கையில போனு. எட்டிப் பாத்துட்டு, புது ஓவன் வாங்கிடுங்கம்மான்னுட்டுப் போயிட்டான். அதச் சொல்றதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு பையி, பை நிறைய சாமானு.

நான் இங்கயே நின்னு வேலையப் பாக்கறேன், உனக்கு இடைஞ்சல் இல்லையே? கேஸ் அடுப்பு இந்தப் பக்கம்தான். சாயங்காலம் என் புள்ளைங்க மூணு பேரும் குடும்பத்தோட வர்றாங்க. அதுக்குள்ள இந்தத் தட்டு ஓவனுக்குள்ள போயாகணும்.

என்னவா? மாட்டுக் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும். எங்க வீட்டுல அடுக்குன்னு சொல்லுவோம். அடியில கிழங்கு, நடுவுல கறி, மேல மறுபடி கிழங்கு. வெண்ணெயில மாவ வறுத்துப் பால் ஊத்திக் காய்ச்சி அது மேல விட்டு, கடைசியா சீஸத் துருவிப் போட்டா முடிஞ்சுது. பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் கிடையாது. கிழங்கு முக்காப் பதம் வெந்தாப் போதும், கறிய மட்டும் தண்ணி வத்துற வரைக்கும் நின்னு கிளறணும். அந்த நிக்கிறதுதான் யாருக்கும் வராது. என் பெரிய மருமக பண்ணுவா பாரு, கறி தண்ணியில நீச்சலடிக்கும். கேட்டா, சாஸ் அத்தைங்கறா. நல்ல சாஸு. மூஞ்சி கழுவலாம் அதுல.

சிரிக்காத, கம்பிய ஒழுங்காக் கழட்டு.

உனக்கு வாசன வருதா? இதுதான் பதம். கறி சட்டியில ஒட்டி ஒட்டி விடணும், நிறம் மாறணும். இப்பதான் வெங்காயம் போடணும். ஆங், வெங்காயம்னதும் ஞாபகம் வருது. என் மூத்தவனுக்கு வெங்காயம் ஒத்துக்காது. அப்பிடின்னு அவன் சொல்லிக்கிறான். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல மேனேஜர். எதப் பாத்தாலும் என்ன ஆபத்து வரும்னு யோசிக்கிறதுக்கே சம்பளம் குடுக்கறாங்க அவனுக்கு. வெங்காயம் சாப்பிட்டா நெஞ்சு எரியுதாம். சின்ன வயசுல ஒருநாள் வாந்தி எடுத்தான், அன்னையிலேர்ந்து இந்தக் கூத்து. அடுத்தது பொண்ணு. ஸ்கூல்ல டீச்சர். வீட்டுலயும் டீச்சர்தான், அந்த மாப்பிள்ளை வாயத் தொறக்கணும்னா கையத் தூக்கணும். அவளுக்கு மிளகு ஆகாது. கடைசி சின்னவன். அவனுக்கு மிளகு சும்மா சுள்ளுன்னு இருக்கணும், சீஸ் ரெண்டு பங்கு வேணும், ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும். முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் யார் தட்டுல அதிகம்னு எட்டிப் பாக்கறான்.

அப்ப எப்பிடிச் சமைக்கிறதா? அதத்தான சொல்ல வர்றேன். எங்க வீட்டுக்காரரு இருந்தாரே, மகராசன், அவரு கண்டுபிடிச்சது. புள்ளைங்க தினம் அழுதுங்கன்னு, ஒரே தட்டுல ஆளுக்கொரு மூலை பண்ணிடுன்னாரு. இவருக்கென்ன, சொல்லிட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டாரு. நான் நாலு சட்டி வெச்சு நாலு கறி வதக்கணும். வெங்காயம் இல்லாம ஒண்ணு, மிளகு இல்லாம ஒண்ணு, மிளகக் கொட்டி ஒண்ணு, அவருக்குப் பூண்டு தட்டிப்போட்டு ஒண்ணு. நாலு மூலையிலயும் வெச்சு, மேல கிழங்க அடுக்கி மூடினா எல்லாம் ஒரே மாதிரி தெரியுமில்ல? அதுக்கு அடையாளம் வைப்பேன். பெரியவன் மூலையில ஒரு கிராம்பு குத்திவைப்பேன். பொண்ணுக்கு ஒரு தக்காளித் துண்டு. சின்னவனுக்கு முழு மிளகு. வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வைக்கமாட்டேன், மிச்சம் இருக்கிற மூலை அவருது.

எனக்கா? எனக்கேது மூலை. நடுவுல நாலும் கலந்து ஒரு குழம்பல் இருக்கும், அதச் சுரண்டித் திம்பேன். நல்லாத்தான் இருக்கும்.

வருஷக்கணக்கா இதே பொழப்பு. மூணு பேருக்கும் கல்யாணமாச்சு, ஆளுக்கொரு வீடாச்சு, ஞாயித்துக்கிழமை வந்தா இந்தத் தட்டச் சுத்தி ஒக்காந்து, என் மூலை என் மூலைன்னு புதுசா வந்தவங்ககிட்டப் பீத்திக்குவாங்க. அம்மாவுக்குத்தான் தெரியும் என் ருசின்னு பெரியவன் அவன் பொண்டாட்டி மூஞ்சிக்கு நேராச் சொல்லுவான். அவ பாவம், வீட்டுல வெங்காயத்தக் கண்ணுல காட்டாம இவனுக்குத் தனிச் சமையல் பண்ணிட்டுக் கெடக்குறா.

அவரு போனதுக்கப்பறமும் மனசு கேக்காம அவரு பூண்டு மூலைய விடாம வெச்சிட்டிருந்தேன். அப்ப ஒரு ஞாயித்துக்கிழமை, கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டு அடையாளத்த மாத்திக் குத்திட்டேன். அது எனக்கே தெரியாது. பரிமாறி எல்லாரும் பாதி சாப்பிட்டதுக்கப்பறம், பெரியவன் தட்டுல பாக்கறேன், வெங்காயமா இருக்கு. சின்னவன் மூலைக் கறி அது! மிளகும் வெங்காயமுமா வாரிக் கொட்டினது. எனக்குப் பகீர்னுச்சு. சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள அவன் தட்ட வழிச்சி நக்கிட்டு, அம்மா இன்னிக்கு என் மூலை ரொம்ப ஜோருன்னான். பொண்ணு? அவளுக்குப் பூண்டு மூலை போயிருச்சு, மிளகோட. கண்ணுல தண்ணி வர வரத் தின்னுட்டு, அம்மா கை பக்குவமே தனின்னா. சின்னவன் மிளகே இல்லாத சப்பைக் கறியத் தின்னுட்டு, அப்பப்பா, என்னா காரம்னு தண்ணி கேக்கறான்! நான் என்னத்தச் சொல்ல?

ராத்திரிக்குள்ள பெரியவன் நெஞ்சப் புடிச்சிட்டுப் போன் பண்ணுவான்னு காத்திட்டிருந்தேன். போன் வந்துச்சு. குடைய மறந்துட்டு வந்துட்டானாம்.

நான்தான் முட்டாளு தம்பி. நாலு சட்டி! அத்தனை வருஷம் இந்த அடுப்புல நாலு சட்டிய வெச்சு முதுகு ஒடிய நின்னிருக்கேன். இந்த மூணுங்களுக்கும் நாக்குல ருசியும் கிடையாது, மண்ணும் கிடையாது. அடுத்த வாரத்துலேர்ந்து ஒரே சட்டி, ஒரே கறி. எல்லாத்துலயும் வெங்காயம், எல்லாத்துலயும் மிளகு. மேல மட்டும் கிராம்பு, தக்காளி, முழு மிளகுன்னு மறக்காமக் குத்திவெச்சிடறது. ஒருத்தனுக்கும் இன்னிய வரைக்கும் தெரியல. இப்பவும் தட்டு வந்ததும் கிராம்பு எங்கன்னு தேடுறான் மேனேஜர்.

காயில் எரிஞ்சு போச்சா? புதுசு கையில இருக்கா? அப்ப மாட்டு. எவ்வளவு ஆனாலும் மாட்டு.

இன்னிக்கு எதுக்கு வர்றாங்கன்னு கேட்டியே. பேச வர்றாங்களாம். என்னைப் பத்தி. எனக்கு எப்பிடித் தெரியும்ங்கறியா? இந்தச் சின்னவன் இருக்கானே, போன் பண்ணி, அம்மா ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம், அடுக்கு செஞ்சிடுங்க, சாப்பிட்டுட்டே ஒரு விஷயம் பேசணும்னான். சரிப்பான்னேன். பேசி முடிச்சவன் போன வைக்கணுமில்ல? வைக்காமயே பொண்டாட்டிகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டான். அம்மா நம்ம வீட்டுல இருக்கிற நாலு மாசம் புள்ளயப் பாத்துக்க ஆள் வேண்டாம், மொதல்ல நாம எடுத்துக்கலாம், அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்ங்கறான். எடுத்துக்கலாமாம்! குக்கர் பாரு நான், வீடு வீடாக் குடுத்து வாங்கறதுக்கு. நாலு மாசம் பெரியவன், நாலு மாசம் பொண்ணு, நாலு மாசம் இவன். இந்த வீட்ட வாடகைக்கு விட்டுடறது. எல்லாம் அந்தப் போன்லயே கேட்டேன், ஏற்கனவே மூணு பேரும் பேசி முடிச்சிட்டாங்க. இன்னிக்கு வந்து என்கிட்ட, உங்க நல்லதுக்குத்தாம்மான்னு ஆரம்பிப்பாங்க. பொண்ணு ஆரம்பிப்பா, அவதான் பாடம் நடத்தறவ.

என்னைப் பங்கு போடுற விருந்துக்கு நானே நின்னு சமைக்கணும். அதக்கூட யோசிக்கத் தெரியல பாரு. கெட்டதுங்கன்னு சொல்லமாட்டேன். கெட்டவனா இருக்கறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்.

வருத்தமா? இல்லாம இருக்குமா. அன்னிக்குப் போனக் கீழ வெச்சிட்டு அந்த நாற்காலியில ஒக்காந்தவ விளக்கு வைக்கற வரைக்கும் எந்திரிக்கல. நான் பெத்ததுங்கதான. அவன் வாந்தி எடுத்த அன்னிக்கு மடியில போட்டுட்டு நான் எப்பிடி அழுதேன் தெரியுமா? எனக்கு வலிச்சுச்சு தம்பி, நல்லாவே வலிச்சுச்சு. அப்பறம் கோவம் வந்துச்சு. கோவம் வந்ததும் பசிச்சுது, எந்திரிச்சுச் சாப்பிட்டேன்.

நகரு, கிழங்கு வடிக்கணும், ஆவி அடிக்கும்.

இந்தக் கறி எங்க வாங்கினதா? முனை திரும்பினா ஒரு கறிக்கடை இருக்கு பாரு, பச்சைக் கதவு போட்டு. அங்கதான். அந்த மனுஷன் கறிய ரெண்டுதடவ அரைச்சுக் குடுப்பாரு. கேக்காமயே குடுப்பாரு. மத்தபடி ஒரு வார்த்தைக்கு மேல ரெண்டாவது வார்த்தை வராது. தொப்பை வேற. வேலை செய்யறப்ப ஒரே பாட்ட மூக்குலயே பாடுவாரு, அதுவும் பாதிதான் தெரியும். சம்சாரம் போயி ரொம்ப நாளாச்சு. நான் அவரப் பெரிசா நெனைச்சதே இல்ல. கறிக்கடைக்காரரு, அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, அடுக்கெல்லாம் செஞ்சு வெச்சிட்டு ஒக்காந்திருக்கேன், மூணு பேரும் வரல. ஒருத்தனுக்கு மீட்டிங், ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தன் சொல்லவே இல்ல. முழுத் தட்டு அப்பிடியே இருக்கு. கொட்ட மனசு வரல, எடுத்துட்டுப் போயி அவரு கடையில குடுத்தேன். எல்லாத்தயும் ஒரே நாள்ல தின்னுடாதீங்கன்னு சொன்னேன். அவரு அங்கயே ஸ்டூல் மேல வெச்சு, கிராம்பு இருந்த மூலையில ஒரு ஸ்பூன் எடுத்தாரு. அப்பறம் தக்காளி மூலையில ஒரு ஸ்பூன். அப்பறம் மிளகு. மென்னுட்டு என்னைப் பாத்து, எல்லாப் பக்கமும் ஒரே கறிதான, அப்பறம் எதுக்கு இந்த அடையாளம்ன்னாரு.

நான் அந்தக் கடையில, தொங்கற கறிக்கு நடுவுல, நின்ன வாக்குல அழுதேன் தம்பி. அவரு பயந்தே போயிட்டாரு. உப்பு கொஞ்சம் தூக்கல், அதத்தான் சொல்லாம விட்டேன்னாரு. நான் எதுக்கு அழறேன்னு நெனைச்சாரு பாரு! அப்பறம் சிரிப்பு வந்துடுச்சு. முழுக் கதையையும் சொன்னேன். நாலு சட்டி, கிராம்பு, எல்லாம். அவரு கத்திய வெச்சிட்டுக் கேட்டாரு. வாசல்ல ரெண்டு பேரு கறிக்கு நின்னுட்டிருந்தாங்க, நிக்கட்டும்னுட்டாரு.

சிவக்குதா? எங்க, காட்டு. ஆமா, கீழயும் சிவக்குது. பரவால்ல, வேலை தெரியுது உனக்கு. கொஞ்ச நேரம் சூடேறட்டும், நான் சீஸத் துருவிடறேன்.

என்ன கேட்ட? யாரு வீட்டுக்கு மொதல்ல போறேனா? நீயும் அவங்கள மாதிரியே கேக்கற பாரு. நான் ஒரு வீட்டுக்கும் போகல. எனக்குத்தான் போன வியாழக்கிழமை கல்யாணம் ஆயிடுச்சே. ஆமாய்யா, கறிக்கடைக்காரரோடதான். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவும் முட்டைக்காரரும்தான் சாட்சி. அவரு கண்ணாடிய மறந்துட்டு வந்து, எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியாம, நான் வெரல வெச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சு. மாப்பிள்ளை லட்சணம்! இங்கயே வந்துடறேன்னுட்டாரு, கடைக்கு நடந்து போற தூரம்தான.

இல்ல, அவங்களுக்கு இன்னும் தெரியாது. மொதப் பரிமாறல் ஆனதும் சொல்லிடுவேன். அப்பதான் வாய் நிறையக் கறி இருக்கும், உடனே கத்த முடியாது. அவரு கடைய அடைச்சிட்டு வந்துடுவாரு. குளிச்சிட்டு, அந்த நீலச் சட்டையப் போட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். எங்க, போட்டுட்டு வர்றாரான்னு பாப்போம். கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி, தட்டு கனமா இருக்கு.